அங்கீகாரம் போன சங்கம் செத்த சங்கமா?

ஜூலை 2, 2024 – வந்த கேள்வி

இன்று 2003 தமிழ்நாடு அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தின் நினைவு நாள் என்று என் மாமா வாட்ஸ்அப்பில் படம் போட்டிருந்தார். எனக்கு ஒரு சந்தேகம். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போன வருடம் தபால் துறையில் பெரிய சம்மேளனத்தின் அங்கீகாரத்தையும் ரத்து செய்தார்கள். அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்றால் அது சங்கமா, டீ குடிக்கிற இடமா? அங்கீகாரம் போன சங்கம் செத்த சங்கம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

ஜூலை 2, 2024, இரவு

செத்த சங்கம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நான் தபால் துறையில் 37 வருடம் எழுத்தராக இருந்தவன். சங்க மொழியில் பி3, அதாவது தபால் பிரிவின் மூன்றாம் வகுப்பு. அதில் ஒன்பது வருடம் கோட்டச் சங்கப் பொருளாளர். மேடையில் பேச வராதவனைத்தான் பொருளாளர் ஆக்குவார்கள், அதனால் இதைப் பெரிய தகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. 1926 தொழிற்சங்கச் சட்டப்படி பதிவாளரிடம் பெயரைப் பதிந்துகொள்வது பதிவு. 'உன்னோடு உட்கார்ந்து பேசுகிறேன், உன் கடிதத்துக்குப் பதில் போடுகிறேன்' என்று வேலை கொடுப்பவர் ஒப்புக்கொள்வது அங்கீகாரம். கொடுத்த கையே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யும். இரண்டும் இல்லாமலே சங்கம் இருக்கலாம். சங்கம் சேரும் உரிமை அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவில் இருக்கிறது.

இது ஏட்டுப் பேச்சு இல்லை. 1950-களில் மத்திய அரசு நடத்தை விதிகளில் 4பி என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அரசு அங்கீகரிக்காத, அல்லது அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்ற சங்கத்தில் ஊழியர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது விதி. பம்பாயில் கணக்குத் துறை ஊழியராக இருந்த ஜோசப் என்பவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1962-இல் உச்ச நீதிமன்றம் 4பி செல்லாது என்றது. அதே வருடம் காமேஷ்வர் பிரசாத் வழக்கில், அமைதியாக ஆர்ப்பாட்டம் செய்வது பேச்சுரிமைக்குள் வரும், வேலைநிறுத்தம் வராது என்று சொல்லிவிட்டது. பேட்ஜ் குத்தலாம், வாசலில் நின்று கோஷம் போடலாம். இருக்கையைக் காலி செய்வதுதான் வம்பு.

ஜூலை 3, 2024

'டீ குடிக்கிற இடம்' என்றதற்கு நேற்று எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, எழுத்தில் காட்டிக்கொள்ளவில்லை. இன்று காலையில் யோசித்தால், எங்கள் கோட்டச் சங்கத்தின் பாதி முடிவுகள் தலைமை அஞ்சலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சில்தான் எடுக்கப்பட்டன. செயற்குழு அதற்குப் பிறகு கூடி, 'விரிவான விவாதத்துக்குப் பின் ஏகமனதாக' என்று மினிட்ஸ் எழுதும். சரி, டீ குடிக்கிற இடமேதான்.

ஜூலை 4, 2024

2003 பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நான் மத்திய அரசு ஊழியன், அந்தப் போராட்டத்தில் இல்லை. ஆனால் எதிர்வீட்டு சார் இருந்தார், வருவாய்த் துறை. ஜூலை 2-இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. டெஸ்மா (அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம்) என்று 2002-இலேயே ஒரு சட்டம் கையில் வைத்திருந்தார்கள். இரண்டே நாளில் அதற்கு ஓர் அவசரச் சட்டத் திருத்தம் வந்தது. விசாரணை இல்லை, விளக்கம் கேட்கும் நோட்டீஸ் இல்லை, ஏறத்தாழ 1,70,000 பேர் வேலைநீக்கம். உலகத்தில் வேறெங்கும் இந்த எண்ணிக்கையில் நடந்ததாக நான் படித்ததில்லை.

ஆகஸ்ட் 6-இல் உச்ச நீதிமன்றத்தில் ரங்கராஜன் வழக்கின் தீர்ப்பு வந்தது. வேலைநிறுத்தத்துக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று மூன்று கதவையும் சாத்தினார்கள். பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள், நிபந்தனையற்ற மன்னிப்பும், வேலைநிறுத்தம் கூடாது என்ற நடத்தை விதி 22-ஐ இனி மீற மாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பிறகு.

எதிர்வீட்டு சார் அந்தக் கடிதத்தை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதினார். தன் வீட்டில் பிள்ளைகள் பார்ப்பார்களாம். முதல் தாளில் 'நிபந்தனையற்ற' என்ற சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போய்விட்டது. அடித்துத் திருத்தாமல் புதுத் தாள் எடுத்தார். முத்து முத்தான கையெழுத்து. இருபது வருடமாகப் பட்டா எழுதிய கை.

என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள் தம்பி. அந்தக் கடிதத்தை எழுதிவிட்டு அவர் சங்கத்திலிருந்து விலகினாரா? இல்லை. அடுத்த மாதம் சந்தா கட்டினார்.

ஜூலை 6, 2024

அமைப்பு எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு.

தபால் தந்தித் துறையில் 1954-இல் எல்லாச் சங்கங்களையும் சேர்த்து மறுசீரமைப்புச் செய்து என்.எஃப்.பி.டி.இ. என்ற சம்மேளனம் அமைந்தது. அதற்கு முன்னால் சங்கங்கள் இருந்தன, ஆளுக்கொரு திசையில். அப்போதிருந்து ஒரு குடை, அதற்குக் கீழே எட்டு சங்கங்கள். பி என்றால் போஸ்டல், ஆர் என்றால் ரயிலில் தபால் பிரிக்கும் ஆர்.எம்.எஸ்., டி என்றால் தந்தி, இ என்றால் தொலைபேசிப் பொறியியல் பிரிவு. ஒவ்வொன்றிலும் மூன்றாம் வகுப்பு ஒரு சங்கம், நான்காம் வகுப்பும் தபால்காரர், லைன்மேன் போன்றவர்களும் சேர்ந்து ஒரு சங்கம். அதனால் பி3, பி4, ஆர்3, ஆர்4. இன்றும் ஒரு பழைய ஆள் இன்னொருவரைப் பார்த்தால் 'நீங்க பி3-யா, ஆர்3-யா' என்றுதான் கேட்பார். ஊர் எது என்பது பிறகு.

மேலிருந்து கீழே சொன்னால் சம்மேளனம், அகில இந்தியச் சங்கம், மாநிலம், கோட்டம், கிளை. கீழிருந்து மேலே சொன்னால் அது பணம் போகும் பாதை. கிளை வாங்கிய சந்தாவில் கோட்டத்துக்கு ஒரு பங்கு, மாநிலத்துக்கு ஒரு பங்கு, டெல்லித் தலைமையகத்துக்கு ஒரு பங்கு. இதற்குக் கோட்டா என்று பெயர். கோட்டா பாக்கி வைத்த கோட்டம் மாநாட்டுக்குச் சார்பாளர் அனுப்ப முடியாது. எனவே மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்னால் பொருளாளர்களுக்குத் திடீரென்று மரியாதை கூடும்.

ஜூலை 7, 2024

எட்டு இல்லை, ஒன்பது. நிர்வாக அலுவலக ஊழியர் சங்கத்தை விட்டுவிட்டேன். வட்ட அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் காலையிலேயே கூப்பிட்டு 'எங்களை எப்பவும் எண்ணவே மாட்டீர்களே' என்றார். நியாயம்தான். அவர்கள் அதிகாரிகளின் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் அவர்களை நாங்கள் பாதி அதிகாரிகளாகத்தான் பார்த்தோம்.

ஜூலை 11, 2024

இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியாது. 1946 ஜூலை 11-இல்தான் தபால்காரர்களும் கீழ்நிலை ஊழியர்களும் நாடு முழுக்க வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வெள்ளைக்காரன் ஆட்சி. ஜூலை 29-இல் அவர்களுக்கு ஆதரவாகக் கல்கத்தாவே நின்றது. இரண்டரை வாரம் கழித்து அதே கல்கத்தாவில் மதக் கலவரம். அந்த இரண்டு தேதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்யும்.

சுதந்திரம் வந்த பிறகு 1960, மறுபடி ஜூலை 11 நள்ளிரவு. இந்த முறை எல்லா மத்திய அரசு ஊழியர்களும். காரணம் சம்பளக் கமிஷன். 1957-இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலி எப்படிக் கணக்கிட வேண்டும் என்று ஒரு வாய்பாடு வகுத்தது. ஒரு தொழிலாளியின் குடும்பத்தை மூன்று நுகர்வு அலகாக வைத்து, ஆளுக்கு 2,700 கலோரி, நால்வருக்கு வருடத்துக்கு 72 கெஜம் துணி, வாடகை, விளக்கு, விறகு. அதில் அரசும் உட்கார்ந்திருந்தது, முதலாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் இரண்டாவது சம்பளக் கமிஷன் அந்த வாய்பாட்டை ஏற்காமல் 80 ரூபாய் என்று நிறுத்திவிட்டது. அரசே கையெழுத்துப் போட்ட கணக்கை அரசு ஊழியருக்குத் தர மாட்டாயா என்பதுதான் சண்டை. நேரு அரசு அவசரச் சட்டம் போட்டது. ஐந்து நாளில் போராட்டம் முடிந்தது. சங்கங்களின் அங்கீகாரம் ரத்தானது.

ஆக, தம்பி, 'அங்கீகாரம் போச்சு' என்பது எங்களுக்கு 64 வருடப் பழைய செய்தி. பின்னால் திரும்பக் கிடைத்தது. 1968 செப்டம்பர் 19, ஒரே ஒரு நாள் வேலைநிறுத்தம், அதே தேவை அடிப்படைக் கூலிக் கோரிக்கை. பதான்கோட்டில் துப்பாக்கிச் சூட்டில் ரயில்வே ஊழியர்கள் இறந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த 1981-இல் கூட அந்த ஒரு நாளுக்காக வேலை போய், வருடக்கணக்கில் அலைந்து திரும்பி வந்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். ஒருவர் செப்டம்பர் 19 அன்று மட்டும் வெள்ளை வேட்டியில் வருவார். எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜூலை 12, 2024

1960-க்குப் பிறகு அரசு ஒரு பாடம் கற்றது என்று சொல்ல வேண்டும். 1966-இல் கூட்டு ஆலோசனைக் குழு என்ற ஜே.சி.எம். வந்தது. அரசும் ஊழியர் சங்கங்களும் உட்கார்ந்து பேச ஓர் அமைப்பு, இங்கிலாந்தின் விட்லி கவுன்சில் மாதிரி. தேசிய அளவில் ஒன்று, துறை அளவில் ஒன்று, அலுவலக அளவில் ஒன்று. பேசி ஒத்துவராவிட்டால் கட்டாய நடுவர் தீர்ப்பு உண்டு, ஆனால் மூன்றே விஷயத்துக்கு: சம்பளமும் படியும், வார வேலை நேரம், விடுப்பு. மற்றதற்கெல்லாம் பேசிக்கொண்டே இருக்கலாம். பேசிக்கொண்டே இருந்தோம்.

ஜூலை 14, 2024

சந்தா பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை சங்கத்தின் வரலாறு என்பது இதுதான்.

நான் பொருளாளர் ஆனபோது சம்பளம் ரொக்கமாகத்தான். மாதக் கடைசி வேலை நாள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய பட்டியலில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை எண்ணி வாங்குவார்கள். அந்த மேசைக்கு நாலடி தள்ளி ஒரு ஸ்டூலில் நான். ரசீதுப் புத்தகம், கார்பன் தாள், ஒரு பழைய பிஸ்கட் டின். கடைக்காரர், சீட்டு பிடிப்பவர், கூட்டுறவுச் சங்கத்து ஆள் எல்லோரும் வாசலில் நிற்பார்கள். நான் மட்டும் உள்ளே. அதிகாரி கண்டும் காணாமல் இருப்பார்.

மாதம் 3 ரூபாய்தான். அதை வாங்க ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஏனென்றால் சும்மா தர மாட்டார்கள். 'போன மாசம் எழுதிக் கொடுத்தேனே, என் ஓ.டி. பில் என்னாச்சு?' 'என் பீட்ல ரெண்டு தெரு சேர்த்துட்டாங்க, சங்கம் எதுக்கு இருக்கு?' ஒரு தபால்காரர் மூன்று ஒற்றை ரூபாய் நாணயம் வைத்திருப்பார். ஒவ்வொரு புகாருக்கும் ஒவ்வொன்றாக டின்னில் போடுவார். மூன்றாவது புகார் நினைவு வராவிட்டால் நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டே யோசிப்பார். நான் ரசீதின் பின்பக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்து கோட்டச் செயலாளரிடம் கொடுப்பேன். அவர் அதைத்தான் கண்காணிப்பாளரோடு நடக்கும் கூட்டத்துக்கு அஜெண்டா ஆக்குவார்.

அதற்குப் பிறகு சைக்கிளில் துணை அஞ்சலகங்கள். இரண்டு பேர் வேலை செய்கிற ஒரு சின்ன ஆபீசுக்குப் போய் 6 ரூபாய் வாங்கி வர அரை நாள். கணக்குப் பார்த்தால் நஷ்டம்.

அப்புறம் ஊழியர் சங்கங்களுக்கு அங்கீகாரம் தருவதற்கான 1993 விதிகள் வந்தன. சி.சி.எஸ். ஆர்.எஸ்.ஏ. விதிகள் என்பார்கள். ஒரு வகை ஊழியரில் 35 சதவீதம் உறுப்பினராக இருந்தால் அந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம். அடுத்த இடத்தில் இருப்பதற்குக் குறைந்தது 15 சதவீதம். அங்கீகாரம் ஐந்து வருடத்துக்கு. இந்தச் சதவீதத்தை எப்படிச் சரிபார்ப்பது? ஊழியர் எழுதிக் கொடுத்தால் சம்பளத்திலேயே சந்தாவைப் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எண்ணிக்கை தானாகத் தெரிந்துவிடும்.

எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! பாக்கி என்ற சொல்லே இல்லை. மாதா மாதம் செக் வரும். நான் ஸ்டூலை எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டேன். சைக்கிள் பயணம் நின்றது. கூட்டத்தில் எனக்குப் பாராட்டு வேறு, 'நூறு சதவீத வசூல்' என்று.

ஒரு வருடம் கழித்துத்தான் கோட்டச் செயலாளர் கேட்டார், 'ஏன் தோழர், இப்பெல்லாம் அஜெண்டாவுக்கு ஒண்ணுமே வர மாட்டேங்குது?'

ஜூலை 15, 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், 'அப்படியென்றால் சம்பளத்தில் பிடிப்பது தப்பு என்கிறீர்களா, பழைய காலத்தில் பொருளாளர்கள் அடித்த கொள்ளை தெரியாதா' என்கிறார். தெரியும். டின்னோடு காணாமல் போனவர்களும் உண்டு. பிடித்தம் வந்தபின் கணக்கு சுத்தமானது, போட்டிச் சங்கங்கள் பொய் எண்ணிக்கை சொல்வது நின்றது. நான் தப்பு என்று சொல்லவில்லை. எனக்கு அந்த ஸ்டூல் போனது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வேறொரு நினைவு. நேற்று ஜூலை 14. 2013-இல் இதே நாளில்தான் தந்தி சேவையின் கடைசி நாள். டி3, டி4 என்று ஒரு காலத்தில் எங்களைவிட மிடுக்காக நடந்தவர்கள். 1985-இல் துறை இரண்டாகப் பிரிந்ததும் சம்மேளனமும் இரண்டாயிற்று, இங்கே என்.எஃப்.பி.இ., அங்கே என்.எஃப்.டி.இ. 2000 அக்டோபரில் அவர்கள் பி.எஸ்.என்.எல். ஆனார்கள். ஒரே பந்தலில் மாநாடு நடத்தியவர்கள், இப்போது கல்யாணத்தில் பார்த்தால்தான் உண்டு.

ஜூலை 20, 2024

'வெளியாள் தலைவராக இருக்கலாமா?' இடத்தைப் பொறுத்தது. தொழிற்சங்கச் சட்டம் ஓரளவு வெளியாளை அனுமதிக்கிறது. ஆர்.எஸ்.ஏ. விதிகளின்படி பணியில் இல்லாதவர் நிர்வாகியாக இருக்க முடியாது. ரயில்வே தனி உலகம், அந்த விதிகள் அங்கே பொருந்தாது. அகில இந்திய ரயில்வேமென் சம்மேளனத்துக்கு ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைவராக இருந்தார். தபால்காரர் சங்கத்துக்கும் அவர் தலைவராக இருந்தது பலருக்குத் தெரியாது. 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது ஜார்ஜ் பெர்னாண்டஸ். மே 8 முதல் 27 வரை 20 நாள். அவரை மே 2-ஆம் தேதியே பிடித்துவிட்டார்கள், தலைவர் சிறையில் இருக்கத்தான் வேலைநிறுத்தம் தொடங்கியது.

தோற்ற போராட்டம் என்று எழுதுவார்கள். அதன் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று போனஸ். 1979-இல் ரயில்வேக்கு உற்பத்தித் திறன் போனஸ் வந்தது, பின்னாலேயே எங்களுக்கும். நான் சேர்ந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் போனஸ் வாங்கியபோது, பக்கத்து மேசை ஆர்.எம்.எஸ். பெரியவர் என் கையிலிருந்த நோட்டுகளைக் காட்டி, 'இதுல ரயில்வேக்காரன் ரத்தம் இருக்கு, எண்ணிப் பாத்து செலவு பண்ணு' என்றார். நான் சட்டை வாங்கினேன்.

ரயில்வே என்றால் தெற்கே பொன்மலையைச் சொல்லாமல் விடக் கூடாது. 1946 செப்டம்பர் 5, சங்கத்திடலில் துப்பாக்கிச் சூடு, ஐந்து பேர் பலி. அதற்கும் முன்னால் 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம், சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் பத்து வருடத் தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது. ரயில்வேக்குத் தனியாக யாராவது எழுத வேண்டும். நான் இல்லை.

ஜூலை 28, 2024

ஆர்.எஸ்.ஏ. விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, சங்கம் தனிநபர் பிரச்சினையை எடுக்கக் கூடாது என்பது. பொதுப் பிரச்சினை மட்டும்தான். ஆனால் சங்கத்துக்கு வருகிறவர் எவரும் பொதுப் பிரச்சினையோடு வருவதில்லை. எல்லோரும் அவரவர் டிரான்ஸ்பரோடு வருகிறார்கள்.

அதனால் மொழிபெயர்ப்பு என்று ஒரு கலை வளர்ந்தது. ஒரு தபால்காரருக்கு முழங்கால் வலி, மாடி வீடுகள் நிறைந்த பீட்டிலிருந்து மாற்ற வேண்டும். அப்படி எழுதினால் கடிதம் திரும்பி வரும். கோட்டச் செயலாளர் எழுதியது இது: 'அடுக்குமாடிக் கட்டடங்களின் பெருக்கத்தால் தபால்காரர்களின் பணிச்சுமை அதிகரித்துள்ள நிலையில், பீட்டுகளைச் சுழற்சி முறையில் ஒதுக்குதல் குறித்து.' கண்காணிப்பாளர் படித்துவிட்டுச் சிரித்தபடி, 'இந்தப் பணிச்சுமைக்கு எந்தக் கால் வலி?' என்றாராம். இடது கால். பீட் மாறியது.

அதே விதிகளில் இன்னொன்று, சங்க நிதி சங்க நோக்கத்துக்கு மட்டுமே, அரசியல் நிதி கூடாது என்பது. 1926 சட்டத்தில் அரசியலுக்குத் தனி நிதி வைத்துக்கொள்ளலாம், 16ஆவது பிரிவு. அரசு ஊழியர் சங்கத்துக்கு அது இல்லை. 2023 ஏப்ரலில் என்.எஃப்.பி.இ.யின் அங்கீகாரத்தை ரத்து செய்தபோது துறை சொன்னதும் இந்த வகைக் காரணம்தான்: விவசாயிகள் போராட்டத்துக்கும் சி.ஐ.டி.யு.வுக்கும் பணம் கொடுத்தது விதிமீறல் என்று. 1946-இல் தபால்காரனுக்காகக் கல்கத்தா நின்றதே, அது எந்த விதியின் கீழ் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் பொருளாளராகப் பார்த்தால், விதி தெரிந்தும் ரசீதில் எழுதிக் கொடுத்தவரை நான் திட்டியிருப்பேன்.

ஜூலை 29, 2024

ஜூலை 2-இல் பதிவு பற்றி எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை. பதிவாளரிடம் போனால் பதிந்துவிடுவார் என்ற மாதிரி எழுதிவிட்டேன். தமிழ்நாட்டு என்.ஜி.ஓ. சங்கம், அதாவது கெசட் பதவி இல்லாத அரசு ஊழியர்களின் சங்கம், தொழிற்சங்கச் சட்டத்தில் பதியக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றமும், அரசின் இறையாண்மைப் பணிகளைச் செய்பவர்கள் தொழிலாளர் ஆக மாட்டார்கள் என்று சொல்லிவிட்டது. மாதம் பூராவும் பேரேடு எழுதுகிற எழுத்தர் இறையாண்மையாம். எதிர்வீட்டு சாரிடம் சொன்னேன். 'அதை அப்பவே சொல்லியிருந்தா கடிதத்துல கீழே போட்டிருப்பேனே' என்றார்.

ஆகஸ்ட் 4, 2024

ஈ.டி. ஊழியர்களைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லையே என்று ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவர் அப்பா கிளை அஞ்சலக அதிகாரியாம். சுருக்கென்று இருந்தது.

எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல் என்று அப்போது பெயர், 2001 முதல் கிராமிய டாக் சேவக். ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து மணி நேர வேலை என்று கணக்கு, 65 வயது வரை. நாடு முழுக்க இரண்டரை லட்சத்துக்கு மேல், அதாவது துறையின் பாதிக்கும் மேல். 1977-இல் உச்ச நீதிமன்றம் ராஜம்மா வழக்கில் அவர்கள் வகிப்பதும் அரசுப் பதவிதான் என்றது. ஆனால் வழக்கமான ஊழியருக்குரிய சம்பளமும் ஓய்வூதியமும் அவர்களுக்கு வரவில்லை. எங்களுக்கு சஸ்பென்ஷன் என்றால் அவர்களுக்குப் 'புட் ஆஃப்'. எங்களுக்குப் பிழைப்புப்படி உண்டு. பல காலம் அவர்களுக்கு அதுவும் இல்லை.

எங்கள் கோட்டக் கூட்டங்களுக்கு ஒருவர் வருவார். 11 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, தபால் பையை இறக்கிவிட்டு, நேராக. உள்ளே நாற்காலி இருக்கும், உட்கார மாட்டார். நிலைப்படியில் சாய்ந்து நிற்பார். ஏதாவது கேட்டால், 'அதை உங்க சங்கத்துல கேளுங்க தோழர்' என்போம். அவர்களுக்குத் தனிச் சங்கம், எங்கள் கூட்டத்தில் ஓட்டு இல்லை.

2000 டிசம்பர் வேலைநிறுத்தம் பதினான்கு நாள். அவர்களின் கோரிக்கை அதில் முக்கியமான ஒன்று. எங்கள் கோட்டத்தில் நூற்றுக்கு நூறு. பதினான்கு நாளும் ஒரு கவுண்டர் திறக்கவில்லை. அந்தப் பெருமையை யாரும் எங்களிடமிருந்து எடுக்க முடியாது.

ஆகஸ்ட் 9, 2024

எடுத்துவிட்டார்கள். பழைய கிளைச் செயலாளர் போன் செய்தார். 'என்னப்பா நூற்றுக்கு நூறுன்னு போட்டிருக்கே? ஒன்பதாம் நாள் நாலு பேர் உள்ளே போனாங்களே, மறந்துட்டியா?'

மறக்கவில்லை. மறக்க முடிவு செய்திருந்தேன் போல. நாலு பேரில் ஒருவருக்கு மகள் கல்யாணம் ஜனவரியில். அன்று வாசலில் அவரைப் பார்த்து நாங்கள் போட்ட கோஷத்தை இங்கே எழுத மாட்டேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் நாள் காலையில் நானும் சட்டையை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் வீட்டு வாசலில் நின்றேன், எந்தப் பக்கம் போவது என்று. நின்ற நேரத்தில் கோட்டச் செயலாளர் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். அவர் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் உள்ளே போனது ஐந்து பேர்.

ஆகஸ்ட் 25, 2024

நேற்று மத்திய அரசு யு.பி.எஸ். என்று புதிய ஓய்வூதியத் திட்டம் அறிவித்திருக்கிறது, அடுத்த ஏப்ரல் முதல். 2004 ஜனவரி முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல். இருபது வருடமாக எல்லா மாநாட்டிலும் முதல் தீர்மானம் அதுதான். அந்த முடிவு வந்தபோது வேலையில் இருந்த எங்களைத் தொடவில்லை, இனி வருகிறவனைத்தான் தொட்டது. இன்னும் வேலைக்கே சேராதவனிடம் சந்தா வாங்க முடியாது, அவன் ஓட்டுப் போடவும் முடியாது. போதுமான அளவு சத்தம் போட்டோமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கேள்வி கேட்ட தம்பி மறுபடி வந்து, 'சரி, சாகவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் படுத்திருக்கிறது' என்கிறார். அதற்கு மறுப்பு சொல்ல மாட்டேன். 2018 மே 22-இல் கிராமிய டாக் சேவக்குகள் பதினாறு நாள் நின்றபோது நான் ஓய்வு பெற்று ஒரு மாதம். போய்ப் பார்த்தேன். பந்தலில் அவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன்.

செப்டம்பர் 1, 2024

மேல் பரணைச் சுத்தம் செய்ததில் பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே 2000 டிசம்பர் போராட்ட நிதி ரசீதுகளின் அடிக்கட்டைகள். புட் ஆஃப் செய்யப்பட்டவர்களுக்கு உதவ வசூலித்தது. கார்பன் எழுத்து ஊதா நிறத்தில் கொஞ்சம் பரவியிருக்கிறது, படிக்க முடிகிறது. பெயர், பதவி, அலுவலகம், தொகை. 50, 100, 50, ஓர் இடத்தில் 500.

ஏழாவது அடிக்கட்டை: 'ஈ.டி. ஒருவர் – 5.00.' பெயர் இல்லை, ஊர் இல்லை. கையெழுத்து என்னுடையது.